வலது மேல் மூலை

என் தாய்மாமாவின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. பச்சைப்பயறு அளவுதான். கார்பன் சுட்டது. 84 வயதில் கை முழுக்கத் தோல் சுருங்கிவிட்டது; அந்த இடம் மட்டும் இன்னும் வழவழவென்று இருக்கிறது. சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்ப்பேன். “வலிச்சுச்சா மாமா?” என்று கேட்டால், “வலிக்க எங்க மாப்ள நேரம்? ரீலு ஓடிக்கிட்டு இருந்துச்சு” என்பார்.

மாமா சினிமா ஆபரேட்டர். முதலில் டூரிங் டாக்கீஸில் எடுபிடி, அப்புறம் உதவியாள், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய பிறகு திருமங்கலத்தில் ஒரு நிரந்தரத் தியேட்டரில் ஆபரேட்டர். எனக்குச் சினிமாக் கொட்டகை என்றால் திரை ஞாபகத்துக்கு வராது. திரைக்கு எதிர்ப்புறம், சுவரில் இருக்கும் இரண்டு சதுர ஓட்டைகளும் அவற்றின் பின்னால் வேர்வையோடு நிற்கும் மாமாவும்தான் வருவார்கள். ஊரே முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்த்த பையன்.

எங்கள் கிராமம் திருமங்கலத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அறுவடை முடிந்த ஒரு புஞ்சையில் டூரிங் டாக்கீஸ் வந்து இறங்கும். மூங்கில், கீற்று, கித்தான், ஒரு டீசல் எஞ்சின். லைசென்ஸ் கெடு முடிந்தால் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இருக்கிற சில மாதமும் எங்கள் ஊரில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. சாயங்காலம் கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு எழும்பினால், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுக் கிளம்ப நேரம் இருக்கிறது என்று அர்த்தம். முருகன் பாட்டு வந்தால் ஓட வேண்டும். அந்தப் பாட்டு முடிவதற்குள் அம்மா உலையை இறக்கி, கஞ்சியை வடித்து, முந்தானையில் காசு முடிந்திருப்பாள்.

தரை 25 காசு. நடுவில் ஒரு மூங்கில் தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். தரை என்றால் ஆற்று மணல். உள்ளே போனதும் முதல் வேலை மணலைக் குவித்து மேடு கட்டுவதுதான். நம் மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவன் அதைவிட உயரமாகக் கட்டினால் சண்டை. பின்னால் இருந்து யாராவது “மண்ணைத் தட்டுங்கடா” என்று கத்துவார்கள். எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அதனால் ஒரு படத்துக்குப் பல இடைவேளை. முறுக்கும் பட்டாணியும் கூடையில் வரும். ‘மாயா பஜா’ரில் கடோத்கஜன் கல்யாணச் சாப்பாட்டை மிச்சமில்லாமல் உள்ளே தள்ளிய பிறகு விளக்குப் போட்டார்கள், அன்றைக்கு முறுக்குக்காரருக்குக் கூடை காலியாகிவிட்டது.

இதெல்லாம் எல்லோரும் சொல்கிற இனிப்பான சமாச்சாரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்தது. கோயில் வாசல் எல்லோருக்கும் திறந்ததில்லை. காலனி ஆட்கள் கொட்டகைக்கும் வருவார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, எல்லோரும் உள்ளே போன பிறகு கடைசியாக வந்து மணலின் ஓரத்தில் உட்காருவார்கள். யாரும் அவர்களை அங்கே உட்காரச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு அது பழகியிருந்தது. ஆனால் விளக்கு அணைந்த பிறகு ஓரம் எது, நடு எது என்று தெரியாது. தூண் மறைக்கிறது என்று நகர்வார்கள், குழந்தைக்குத் தெரியவில்லை என்று நகர்வார்கள். விளக்கு வரும்போது மணல் முழுக்கக் கலந்துபோயிருக்கும். தமிழர்கள் சாதி பார்க்காமல் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான் என்று கா. சிவத்தம்பி 1981-இல் எழுதியதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்த மணல்தான் கண்ணில் நின்றது. முழுச் சமத்துவம் என்று நான் சொல்ல மாட்டேன். தரை, பெஞ்சு, சேர் என்று காசு பிரித்து வைத்திருந்தது; மனசும் பிரித்துத்தான் வைத்திருந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் அப்படிக் கலந்துபோக வேறு எந்த இடமும் இருந்ததில்லை.

மாமா இந்தத் தொழிலுக்கு வந்தது படத்தைப் பார்த்து அல்ல, வெளிச்சத்தைப் பார்த்து. இதை அவரே சொல்லுவார். கொட்டகைக்கு வெளியே, கீற்றுச் சந்து வழியாகப் பார்த்தபோது, பீடிப் புகைக்குள் ஒரு வெள்ளை வாழைத்தண்டு மாதிரி அந்த ஒளி போய்க்கொண்டிருந்ததாம். “அது எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. போனேன். அப்புறம் வெளிய வரவே இல்ல.” இந்தத் தமிழ்நாட்டுக்குச் சினிமாவைக் கூடாரம் கூடாரமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த முதல் மனிதர் சாமிக்கண்ணு வின்சென்ட்டும் இப்படித்தான். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தவர். 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். அந்தக் கொட்டகையின் பெயர் இன்றைக்கும் அங்கே ஒரு சாலைக்கு இருக்கிறது. அவருக்கும் அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திருமங்கலம் தியேட்டரில் மாமா நிலைத்த பிறகுதான் நான் ஆபரேட்டர் ரூமுக்குள் போனேன். எனக்குப் பத்து வயது இருக்கும். இரும்புக் கதவு, தகிக்கிற சூடு, இரண்டு மெஷின். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு விளக்குப் பெட்டி. உள்ளே செம்பு பூசிய இரண்டு கார்பன் குச்சிகள் எதிரும் புதிருமாக இருக்கும். அவற்றின் முனைகளைத் தொட வைத்து மெல்லப் பிரித்தால், நடுவில் ஒரு சின்னச் சூரியன் பிறக்கும். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் கறுப்புக் கண்ணாடி பதித்த ஒரு சிறு ஜன்னல் உண்டு, அதன் வழியேதான் பார்க்கலாம். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி அதிகமாகும், திரையில் சிவாஜியின் முகம் மங்கும். மாமா ஒரு கையால் திருகைத் திருகி இரண்டையும் அருகே கொண்டுவருவார். படம் ஓடுகிற மூன்று மணி நேரமும் அந்தக் கை திருகை விட்டு விலகாது. உருகிய செம்பு சொட்டுச் சொட்டாகப் பெட்டியின் அடியில் விழும். சேர்த்து வைத்து எடைக்குப் போடுவார்கள். தீர்ந்துபோன கார்பன் துண்டுகள் எனக்கு. பள்ளிக்கூடத் தரையில் கோடு கிழிக்க அதைப்போல் எதுவும் கிடையாது.

அங்கேதான் அந்தப் பொட்டைக் காட்டினார்.

“திரையில வலது மேல் மூலையைப் பாரு. கண்ணைச் சிமிட்டாத.”

பார்த்தேன். கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று மூலையில் ஒரு சின்ன வட்டம் வந்து போனது. மாமாவின் கை அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட்டது. மனசுக்குள் ஏழு வரை எண்ணினால் இன்னொரு பொட்டு. அந்த நொடியில் இந்த மெஷினின் வெளிச்சத்தை மூடி அந்த மெஷினின் வெளிச்சத்தைத் திறந்தார். கதாநாயகி அழுதுகொண்டே இருந்தாள். கீழே உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஓடுவது ஒரு நொடிக்கு 24 கட்டம். அதில் 4 கட்டங்களில்தான் அந்தப் பொட்டு இருக்கும். நொடியில் ஆறில் ஒரு பங்கு. ஆயிரம் அடிப் படச்சுருள் பதினோரு நிமிஷம் ஓடும், இரண்டாயிரம் அடி என்றால் அதைப்போல் இரண்டு பங்கு. ஒரு ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை, ஒரு நாளைக்கு நாலு ஆட்டம், முப்பது வருஷத்துக்கும் மேலே என்று கணக்குப் போட்டால், மாமாவின் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் பொட்டுகள்! ஒவ்வொன்றையும் அவர் கண்ணால் பிடித்தாக வேண்டும். தவறவிட்டால் திரை வெளுத்துவிடும், விசில் பறக்கும். அன்றிலிருந்து எனக்கும் அந்த நோய் ஒட்டிக்கொண்டது. எந்தத் தியேட்டரில் எந்தப் படம் பார்த்தாலும் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை கண் தானாக வலது மேல் மூலைக்குப் போகும்.

அறுந்த படத்தை ஒட்டும்போது வெட்டி எறிகிற துண்டுகளையும் மாமா எனக்காக எடுத்து வைப்பார். ஒட்டுப் பசையின் வாசனை நகப்பூச்சு மாதிரி இருக்கும். என் நோட்டுப் புத்தகங்களில் எல்லாம் அது அடிக்கும். துண்டை வைத்து வீட்டில் நாங்கள் தனியாக ஒரு தியேட்டர் நடத்தினோம். ஃபியூஸ் போன குண்டு பல்பின் பித்தளை மூடியை நோண்டி எடுத்து, உள்ளே இருப்பதைத் தட்டிக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். ஒருவன் வெளியே வெயிலில் நின்று முகம் பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே அடிப்பான். அப்பாவின் வேட்டி திரை. பிலிம் துண்டை பல்புக்கு முன்னால் தலைகீழாகப் பிடித்தால், வேட்டியில் எம்.ஜி.ஆர். நேராக நிற்பார். அசைய மாட்டார். ஆனால் வெளியே கண்ணாடி பிடிக்கிறவனின் கை நடுங்கினால் அவரும் நடுங்குவார். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு புளியங்கொட்டை கட்டணம்.

1974 தீபாவளி. திருமங்கலத்தில் இரண்டு தியேட்டருக்குச் சேர்த்து ஒரே பிரதிதான் வந்திருந்தது. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மாமாவின் தியேட்டர், அந்தப் பக்கம் இன்னொன்று. இங்கே ஆட்டம் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து அங்கே தொடங்கும். இங்கே ஓடி முடித்த ரீலைச் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து சைக்கிளில் அங்கே கொண்டுபோக வேண்டும். அதற்கென்று ஒருவர் இருந்தார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். எனக்கு 13 வயது, சைக்கிள் நன்றாக ஓட்டுவேன். “பாத்துப் போ மாப்ள” என்று மாமா பெட்டியைக் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

இரண்டு நடை சரியாகப் போனது. மூன்றாவது நடையில் கேட் மூடிவிட்டது. ஒரு கூட்ஸ் வண்டி வந்து, தாண்டிப் போகாமல், கேட்டுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். மாட்டுவண்டி, பஸ், பலகாரக் கூடையோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தியேட்டரில் இருந்து விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என்ன தம்பி அழுவுற?” என்று ஒரு வாழைக்காய் வண்டிக்காரர் கேட்டார்.

“படப்பெட்டிங்க. அங்க படம் நின்னுபோச்சு.”

அவ்வளவுதான். யார் சொன்னார்கள், யார் முதலில் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியைத் தூக்கினார்கள். இரண்டு பெட்டி வண்டிகளுக்கு நடுவே, கொக்கிக்கு மேலாக, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி அது அந்தப் பக்கம் போனது. அங்கே நின்றவர்கள் வாங்கினார்கள். நானும் குனிந்து அதே வழியில் நுழைந்து போய்விட்டேன். அங்கிருந்து ஒருவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட, பின்னால் நான். தியேட்டர் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், பெட்டி தலைக்கு மேலே வருவதைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்நாளில் எனக்காக யாரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

ராத்திரி மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, “ரயில் கிளம்பியிருந்தா? படம் நின்னா நிக்கட்டும்டா. விளக்கப் போட்டுட்டுத் திரும்ப ஓட்டிக்கலாம்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை ரீல் கொண்டுபோக விடவில்லை.

மதுரைக்கு என்னை முதலில் படம் பார்க்க அழைத்துப் போனதும் அவர்தான். தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்தது, 2,500-க்கு மேல் இருக்கை. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லுவார்கள். மாமா படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இடைவேளையில் திரையின் அடியிலிருந்து பின்சுவர் வரை நடந்து, எத்தனை எட்டு என்று எண்ணினார். “இம்புட்டுத் தூரத்துக்கு இவ்வளவு வெள்ளையா வெளிச்சம் அடிக்கணும்னா, அவன் எவ்வளவு ஆம்பியர் எரிக்கணும் தெரியுமா?” என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த ஊரில் கொட்டகைகளுக்கே ஒரு வரலாறு உண்டு. 1937-இல் தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ ஓடிய ஓட்டத்தில், அந்தப் பணத்தில் கட்டிய தியேட்டருக்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகலில் இங்கிலீஷ் படங்கள். கல்லூரியில் படித்த காலத்தில் நான் ரீகலை விட்டுவைத்ததில்லை. வசனம் பாதி புரியாது. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வருகிறவர்களோடு நானும் வருவேன்.

‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 1984-இல் வந்தபோது மாமாவின் தியேட்டருக்கு அது வரவில்லை. மதுரைக்குப் போய்ப் பார்த்தோம். வாசலில் கொடுத்த முப்பரிமாணக் கண்ணாடியை எல்லோரும் மாட்டிக்கொண்டிருக்க, மாமா அதைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஐஸ்கிரீம் முகத்துக்கு நேரே நீண்டு வந்தபோது, என் மடியில் இருந்த அவருடைய மகள் கையை நீட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம். டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம். கேபிள். திருட்டு விசிடி. நிரந்தரத் தியேட்டர்களே தள்ளாடியபோது டூரிங் டாக்கீஸ்கள் சுவடில்லாமல் போயின. மாமாவின் தியேட்டரில் கடைசி நாட்களில் முப்பது பேர், இருபது பேர். பத்துப் பேருக்குக் கீழே இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். மாமா மட்டும், “வந்தவனுக்கு ஓட்டிருவோம்” என்று மல்லுக்கட்டுவார். 2003-இல் தியேட்டர் மூடியது. இப்போது கல்யாண மண்டபம். என் தங்கை மகள் கல்யாணம் அங்கேதான் நடந்தது. ஆபரேட்டர் ரூம் இருந்த இடத்தில் மணமகன் அறை. பழைய சதுர ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருக்கிறார்கள். சுவரைத் தடவினால் விளிம்பு கைக்குத் தட்டுப்படுகிறது. மாமா தடவிக் காட்டினார்.

தங்கம் தியேட்டரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பெரிய ஜவுளி மாளிகை நிற்கிறது. அத்தைக்குச் சேலை எடுக்கப் போனபோது, மாமா ஒரு தளத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். விற்பனைப் பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். “ரூம் இந்த உசரத்துலதான் இருந்திருக்கணும்” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். “இங்க ஒரு தியேட்டர் இருந்துச்சும்மா” என்றேன். “அப்படிங்களா?” என்று அவள் சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது.

பழசைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. என் அம்மா தன் வாழ்நாளில் ஒரு முறைகூட இரண்டாம் ஆட்டம் பார்த்ததில்லை. பகல் ஆட்டத்துக்கும் நாலு பெண்கள் சேர்ந்தால்தான் போக முடியும். இருட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து நீளும் கைகளுக்காக, ரவிக்கையில் ஊக்கு குத்திக்கொண்டு போவார்கள் என்பதை அம்மா எனக்குச் சொன்னது, என் மகள் பிறந்த பிறகு. மூட்டைப்பூச்சி, கழிவறை நாற்றம், புகை எதையும் நான் மறக்கவில்லை. இன்றைக்கு என் மகள் தோழிகளோடு இரவுக் காட்சிக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வீடு திரும்புகிறாள். சாய்ந்து உட்காருகிறாள், நல்ல காற்று, நல்ல ஒலி. அவளுடைய பாட்டிக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு எதிராக நான் எதையும் வைக்க மாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் பஸ் நிலையத்தில் பூக்கட்டுகிற அம்மா ஒருவர் மாமாவின் தியேட்டருக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருவார். தரை டிக்கெட். மிச்சப் பூவை ஆபரேட்டர் ரூமில் இருக்கும் சாமி படத்துக்குக் கொடுத்துவிடுவார். இன்றைக்கு நாலு பேர் மாலுக்குப் படம் பார்க்கப் போனால், டிக்கெட்டும் சோளப்பொரியுமாக ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்த அம்மாவின் பேத்தி அங்கே எப்படிப் போவாள்? 2017 வரை தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸ்களில் மேல் விலை 120 ரூபாய், முன்வரிசையில் 10 ரூபாய்க்கும் கொஞ்சம் டிக்கெட் என்று அரசு நிர்ணயம் இருந்தது. அந்தப் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரை டிக்கெட்டின் கடைசிச் சொந்தக்காரர்கள் அவர்கள்தான். ஊருக்கே இருந்த ஒன்று வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிக்கொண்டிருப்பதை, இருக்கை மெத்தென்று இருக்கிறது என்பதற்காக நான் ஏற்றுக்கொள்ள முடியாது. பேத்தி கைபேசியில் பார்த்துக்கொள்வாள் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். பார்க்கத்தான் செய்கிறாள். தனியாக, ஒரு காதில் கம்பியை மாட்டிக்கொண்டு, பூக்கூடைக்குப் பக்கத்தில்.

கொரோனாவில் எட்டு மாதம் மூடியிருந்த தியேட்டர்கள் 2020 நவம்பரில் திறந்தபோதே மாமாவை அழைத்துப் போக நினைத்தேன். முடியவில்லை. அத்தை போன பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே குறைந்துவிட்டது. போன மாதம்தான், “வாங்க மாமா, ஒரு படம் பாத்துட்டு வருவோம்” என்று கட்டாயப்படுத்தி மதுரையில் ஒரு மாலுக்குக் கூட்டிப்போனேன். நகரும் படிக்கட்டில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரே ஒரு ஓட்டை. அதில் ஆள் நிழல் எதுவும் இல்லை.

படம் தொடங்கியது. இருபது நிமிஷம் ஆனதும் நான் மூலையைப் பார்த்தேன். பழக்கம். பக்கத்தில் திரும்பினால் மாமாவும் தலையைத் தூக்கி அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு வரவில்லை. இப்போது எதற்கு வரும்? ரீல் இல்லை.

கொஞ்ச நேரத்தில் என் காதருகே குனிந்தார். “கறுப்பு கறுப்பா இல்ல, மாப்ள.”

“என்ன மாமா?”

“ராத்திரி சீனு பாரு. சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. மெஷின்ல குத்தம் இல்ல. கண்ணாடியில அழுக்கு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது.

இடைவேளையில் அவர் எழுந்துவிட்டார். டிக்கெட் பார்க்கிற பையனிடம், “தம்பி, ஆபரேட்டரைப் பாக்கணும்” என்றார். பையனுக்கு அந்தச் சொல் பிடிபடவில்லை. நான் விளக்கினேன். மாமாவின் கையையும் காட்டினேன். அவன் தழும்பைப் பார்த்தான், போனில் யாரிடமோ பேசினான். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன் வந்து, “வாங்க தாத்தா” என்று மாமாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்து மேலே அழைத்துப் போனான்.

அறை குளிர்ந்து கிடந்தது. அது மாமாவுக்குப் பெரிய ஆச்சரியம். “சூடே இல்லையேப்பா!” ஒரு பெரிய பெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கணினித் திரையில் விளம்பரம், முதல் பாதி, இடைவேளை, இரண்டாம் பாதி என்று வரிசையாக எழுத்து. விளக்கை அணைப்பது முதல் எல்லாமே நேரத்துக்குத் தானாக நடக்கும் என்று பையன் சொன்னான். எல்லாத் திரைகளையும் அவன் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறான். இந்த அறையில் அவன் நிற்க வேண்டியதில்லை. படம் ஹார்ட் டிஸ்க்கில் வரும், இல்லாவிட்டால் சாட்டிலைட்டில் இறங்கும். ஆனால் பூட்டித்தான் வரும். திறக்க ஒரு சாவி தனியாக வர வேண்டும். கேடிஎம் என்றான். “பெரிய படம் ரிலீஸ்னா சில நேரம் அது வராது தாத்தா. ஜனமெல்லாம் உள்ள உக்காந்திருக்கும். நாங்க மெயிலைப் பாத்துக்கிட்டே நிப்போம்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. “பெட்டி வரலைன்னு சொல்லு!”

“ஆமா தாத்தா, அதேதான்.”

இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒரே தொழில்காரர்களாக நின்றார்கள். 2018-இல் இந்தக் கருவிகளில் படம் ஓட்ட வாங்கும் டிஜிட்டல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் முதல் தேதியிலிருந்து புதுப் படங்களை நிறுத்தியதைப் பற்றி நான் மாமாவிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன். அப்போது அவருக்கு அது புரியவில்லை. இப்போது அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டி, “இதுக்குத்தானா வாடகை?” என்று சரியாகக் கேட்டார்.

பிறகு அவர் மெஷினுக்கு முன்னால், சுவர் ஓட்டையில் பதித்திருந்த கண்ணாடியருகே போனார். கண்ணாடிமேல் விரலை வைக்காமல், பக்கவாட்டில் குனிந்து, வெளிச்சம் படுகிற கோணத்தில் பார்த்தார். “இங்க வா தம்பி. இப்படிக் குனி. தெரியுதா?”

பையன் குனிந்தான். நானும் குனிந்தேன். நேரே நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க மெல்லிய படலம், நடுவில் யாரோ அவசரமாகத் துடைத்துவிட்டுப் போன வட்ட வட்டக் கோடுகள்.

“இது எங்க லிஸ்ட்ல இருக்கு தாத்தா, ஆனா…” என்று பையன் இழுத்தான்.

“துணி இருக்கா? நூல் துணி. புதுசு வேணாம், துவைச்சது.”

பையன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்துத் தந்தான். மாமா அதை நாலாக மடித்தார். கண்ணாடியில் ஒரு முறை ஊதினார். மேலிருந்து கீழே, வட்டம் போடாமல், ஒரே இழுப்பு. துணியைத் திருப்பி மறுபடியும் ஒரு இழுப்பு. கை நடுங்கவில்லை. வீட்டில் காப்பி டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற கை. வெளிச்சத்தில் அந்தத் தழும்பு பளபளத்தது. முடித்ததும் பையன் கையில் துணியைக் கொடுத்து, “அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி தொடச்சிரு. வெளிப்பக்கம். உனக்குக் கை எட்டும்” என்றார். பையன் ஒரு ஸ்டூலைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினான்.

நாங்கள் இருக்கைக்குத் திரும்பும்போது விளக்கு அணைந்துகொண்டிருந்தது. இரண்டாம் பாதி ஒரு ராத்திரிக் காட்சியோடு தொடங்கியது. ஒரு கிணறு, தூரத்தில் ஒற்றை விளக்கு. மாமா என் முழங்கையைத் தட்டினார்.

“இப்பப் பாரு.”